சென்னைக்கும் நெல்லூருக்கும் இடையே

தாத்தா சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் என்று நாங்கள் நினைத்திருந்தது, பாடும் கம்பத்தைப் பற்றியதுதான்.

"மெட்ராஸ் பீச்சுல ஒரு கம்பம் இருக்கும் நைனா. சாயங்காலமானா அது பாடும். பிடில் வாசிக்கும். ஜனங்க மணல்ல குந்திக்கினு கேப்பாங்க. டிக்கெட்டு கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெள்ளைக்காரன் காலத்துல சொல்றேன்."

பேரப்பிள்ளைகள் நாங்கள் ஆறு பேர். காய வைத்த வலைமேல் படுத்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரிப்போம். அனுமார் கடலைத் தாண்டியதை நம்பினோம். மெரினாவில் கம்பம் பாடியதை மட்டும் நம்பவில்லை.

"கள்ளு கிள்ளு குடிச்சிருந்தியா தாத்தா?" என்பாள் மாமா பெண். அவளுக்குத்தான் அவ்வளவு துணிச்சல்.

"எனக்கு அப்ப மீசையே மொளைக்கலடி" என்பார். கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால், கதையையும் விட மாட்டார்.

எளாவூர் என்றதும் உங்களில் பலருக்கு செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். சென்னையிலிருந்து கல்கத்தா போகும் நெடுஞ்சாலையில், ஆந்திராவுக்குள் நுழைவதற்குக் கொஞ்சம் முன்னால் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடம். ரயிலில் போகிறவர்களுக்கு கும்மிடிப்பூண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். இறங்கிக் கிழக்கே நடந்தால் பழவேற்காடு ஏரி. பார்வைக்குக் கடல் மாதிரி விரிந்து கிடக்கும். இறங்கி நின்றால் பல இடங்களில் இடுப்பளவுதான். ஏரிக்கு அந்தப் பக்கம் நீளமாய் ஒரு மணல் திட்டு. அதற்கு அப்பால்தான் நிஜக் கடல். அம்மாவின் பிறந்த வீடு அந்த ஏரியோரத்துக் குப்பம் ஒன்றில் இருந்தது. பாதித் தமிழும் பாதித் தெலுங்குமாகப் பேசுகிற ஊர். சண்டை மட்டும் சுத்தத் தமிழில் நடக்கும்.

தாத்தா பிறவி மீனவர் இல்லை. அவருடைய அப்பா பக்கிங்ஹாம் கால்வாயில் படகு தள்ளியவர். இன்றைக்கு ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்றைக்கு விறகு போனது. மெட்ராஸ் நகரத்துச் சமையலறைகளுக்கெல்லாம் கால்வாய் வழியாகத்தான் விறகு. கூடவே சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், உப்பு. பேசின் பிரிட்ஜ் பக்கம் சரக்கை இறக்கிவிட்டு, காசு கைக்கு வரும்வரை இரண்டு மூன்று நாள் படகிலேயே கிடப்பார்கள். அந்த நாட்களில் சின்னப் பையனான தாத்தா, படகுக்காரப் பையன்களோடு பீச்சுக்கு ஓடிவிடுவாராம். அப்போது பார்த்த கம்பம்தான் அது.

இன்னொன்றும் சொல்வார். சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக நடந்து போயிருக்கிறார். உள்ளே பிள்ளைகள் சத்தமே இல்லை. ஒரு பெட்டி மட்டும் கதை சொல்லிக்கொண்டிருந்ததாம். ஒரு ராஜா, அவனுக்கு மூன்று பெண்கள், மூன்றாவது பெண் காட்டுக்குப் போகிறாள். அந்த இடத்தில் அப்பா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். படகு கிளம்பிவிட்டது.

"அப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆச்சு தாத்தா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? படகு கிளம்பிடுச்சே!"

பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்காத மனுஷன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரே பாடம் அந்த அரைக் கதைதான்.

நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது தாத்தாவிடம் ஒரு ரேடியோ இருந்தது. பழுப்புத் தோல் உறை போட்ட மர்பி டிரான்சிஸ்டர். அதற்கு தபால் ஆபீஸில் லைசென்ஸ் கட்டிய சின்னப் புத்தகம், சாமி படத்துக்குப் பின்னால் ரேஷன் கார்டோடு இருக்கும். அந்த வீட்டில் ரேடியோவுக்கு இருந்த மரியாதை எங்களுக்கு இல்லை. குளித்துவிட்டுத்தான் தொடுவார்.

மீடியம் வேவ் ரேடியோவை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எஃப்.எம். போல அது சுத்தமாகப் பாடாது. கூடவே ஒரு இரைச்சல், ஒரு கரகரப்பு, யாரோ தூரத்தில் அப்பளம் பொரிக்கிற மாதிரி. பெட்டிக்குள் ஒரு கறுப்புக் குச்சியில் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் ஏரியல். அதனால், பெட்டியை இப்படித் திருப்பினால் ஒரு ஊர் வரும், அப்படித் திருப்பினால் அது மறைந்துபோகும். பகலில் பக்கத்து நிலையங்கள் மட்டும். இருட்டிய பிறகு வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, எங்கெங்கோ இருக்கிற ஊர்களெல்லாம் வந்து சேரும். ராத்திரி பத்து மணிக்கு முள்ளைத் திருப்பினால் விஜயவாடா, கொழும்பு, பாஷையே புரியாத ஏதோ ஒரு தேசம் என்று வரிசையாக ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

உப்புத் தண்ணீர்மேல் மீடியம் வேவ் அலை தரையில் போவதைவிட நன்றாகப் போகும். இது பௌதிகம். தாத்தாவுக்கு பௌதிகம் தெரியாது. "ஏரி நடுவுல போனா சென்னைக்காரன் காதுக்குள்ளயே பேசுறான்டா" என்பார்.

அந்தக் கரகரப்பையும் அவர் வீணாக்கியதில்லை. மின்னல் வெட்டினால் மீடியம் வேவில் 'படக்' என்று ஒரு சத்தம் வரும். கண்ணுக்குத் தெரியாத தூரத்து மின்னலுக்கும் வரும். தாத்தா எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்திவிட்டு, காதைப் பெட்டிமேல் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார். "கெழக்க பொரியுது. இன்னிக்குப் போவாத" என்று மாமாவிடம் சொல்வார். சொன்னால் சொன்னதுதான்.

காலையில் செய்தி. டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வந்தால் குப்பமே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். சாயங்காலம் விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. உரம், பூச்சிமருந்து, நாற்றங்கால். எங்களில் ஒருவருக்கும் ஒரு செண்ட் நிலம் கிடையாது. ஆனாலும் கேட்போம். தஞ்சாவூர்ப் பக்கம் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை ரேடியோவில் சொல்லிச் சொல்லியே பரப்பியதால், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது. 'ரேடியோ இறால்' என்று ஒன்று வந்திருந்தால் எங்கள் ஏரியும் சரித்திரத்தில் ஏறியிருக்கும். வரவில்லை.

எங்களுக்காக ரேடியோ பேசியது வானிலை அறிக்கையில் மட்டும்தான். அதிலும் எங்கள் பெயர் வராது. புயல் எப்போதும் 'சென்னைக்கும் நெல்லூருக்கும் இடையே' கரை கடக்கும்.

"அந்த இடையே யாரு தாத்தா?"

"நாமதான்" என்பார்.

எனக்கு அந்த ரேடியோவில் வேண்டியிருந்தது வேறு. இலங்கை வானொலி. பி.ஹெச்.அப்துல் ஹமீதின் தமிழ், கே.எஸ்.ராஜாவின் வேகம், காலையில் 'பொங்கும் பூம்புனல்'. மதராஸ் வானொலி மாமனார் வீடு மாதிரி. முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும். இலங்கை வானொலி அத்தை வீடு. காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

1984, அக்டோபர் 31. இந்திரா காந்தி சுடப்பட்டார்.

அன்றிலிருந்து தாத்தா வீட்டுத் திண்ணை காலியாகவே இல்லை. குப்பத்தில் பஞ்சாயத்து ரேடியோ வைக்கக் கட்டிய ஒரு அறை உண்டு. மேலே புனல் மாதிரி ஸ்பீக்கர். அது ஊமையாகி வருஷக்கணக்காகிவிட்டது. புனலுக்குள் குருவி கூடு கட்டியிருந்தது. அதனால் எல்லோரும் தாத்தாவின் மர்பியைச் சுற்றித்தான். நவம்பர் 3-ம் தேதி தகனம். அதன் வர்ணனையைப் பெண்கள் தலைவிரிகோலமாக உட்கார்ந்து கேட்டார்கள். இந்தி வர்ணனைக்கும் அழுதார்கள். ராத்திரி பகலாக ஓடி, பேட்டரிக் கட்டைகள் இளைத்துவிட்டன.

துக்க நாட்களில் எங்கள் வானொலியில் வீணையும் ஷெனாயும்தான். பதினோரு வயசுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தேசத் துக்கம் எனக்கும் இருந்தது. ஆனால் அது நாலு நாளில் ஆறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, தாத்தா தூங்கிய பிறகு மர்பியை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன். இலங்கை கிடைத்தது. பாட்டு, பாட்டு, பாட்டு. குரல் மெலிந்துகொண்டே போனது. நான் காதை நெருக்கமாக வைத்துக்கொண்டே போனேன். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி கேட்டு, நின்றது. சத்தமில்லாமல் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை தாத்தா முள்ளைத் திருப்பினார். ஒன்றுமில்லை. கட்டைகளைக் கழற்றி, அடியைப் பல்லால் கடித்து, மறுபடி போட்டார். ஒன்றுமில்லை.

"வெயில்ல வைடா நைனா. கொஞ்சம் உசுரு வரும்."

திண்ணைமேல் வரிசையாக வைத்தேன். நாலு சிவப்புக் கட்டைகள். வெயிலே இல்லை. வானம் ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. எளாவூர் பஜாருக்குப் போய்ப் புதுசு வாங்கக் கையில் காசு இல்லை. "மாமன் இறாலோட வரட்டும். புதங்கிழமை வாங்கிக்கலாம்" என்றார் தாத்தா.

மாமாவும் அவர் கூட்டாளியும் அன்று சாயங்காலம் ஏரியின் கிழக்குக் கரைக்குக் கிளம்பினார்கள். இறால் சீசன். ராத்திரி அங்கேயே மணல் திட்டில் தங்கி, வலை எடுத்துக்கொண்டு வருவது வழக்கம். கிளம்பும்போது தாத்தா மர்பியைக் கையில் எடுத்தார். காதருகே கொண்டுபோனார். பிறகு ஞாபகம் வந்து கீழே வைத்துவிட்டார். வானத்தைப் பார்த்தார்.

"பாத்துப் போ" என்றார். அவ்வளவுதான்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வாடைக் காற்று ஏறிவிட்டது. எளாவூரிலிருந்து வந்த ஒருவர், "ரேடியோவுல நேத்திலேர்ந்து சொல்லிக்கினே இருக்கான். புயலாம். உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தாத்தா பதில் சொல்லவில்லை. ஆயா வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

நவம்பர் 14. பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் தினத்துக்கு மிட்டாய் தருவதாக இருந்தார்கள். அன்றுதான் அந்தப் புயல் ஸ்ரீஹரிகோட்டாவையொட்டிக் கரை கடந்தது. நெல்லூர் ஜில்லாவிலும் எங்கள் செங்கல்பட்டு ஜில்லாவிலும் அது செய்ததைப் பற்றிப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். பனைமரம் முறியவில்லை, முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி நின்றது. கூரை போனது. சாமி படம் போனது. ரேடியோ லைசென்ஸ் புத்தகம் போனது. மர்பியை மட்டும் தாத்தா வயிற்றோடு அணைத்து, அதன்மேல் குப்புறப் படுத்திருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா நடந்து வந்தார். கூட்டாளியும் வந்தார். படகு கவிழ்ந்து, காற்று தெற்கே தள்ளி, ஒரு முள் காட்டில் இரண்டு ராத்திரி கிடந்திருக்கிறார்கள். மாமாவின் உதடு உப்பில் வெடித்திருந்தது. ஆயா அடித்தாள். கன்னத்தில், முதுகில், கைக்குக் கிடைத்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டுப் பிறகு கட்டிக்கொண்டாள்.

படகு போனது போனதுதான். வலையும் போயிற்று. மாமா கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கப் போனார். பாடும் கம்பத்தைக் கிண்டல் செய்த மாமா பெண், அடுத்த ஜூனில் பள்ளிக்கூடம் வரவில்லை. இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனாள். எங்கள் ஆறு பேரில் கணக்கு நன்றாகப் போடுகிறவள் அவள்தான்.

நாலு பேட்டரிக் கட்டைகளின் அன்றைய விலை என்ன என்று யாராவது சொன்னால் என்னால் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

தாத்தா கடைசிவரை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன். போர்வையில் ரேடியோவின் தோல் வாசனை இருந்திருக்கும். 1991-ல் அவர் இறந்தார்.

அதற்கு ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு மழைநாளில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் ஒதுங்கினேன். கைக்கு வந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். இந்தியாவில் வானொலி வந்த கதை. நின்றுகொண்டே படித்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்பம் பாடியிருக்கிறது.

1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி என்பவர் மதராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார். மே மாதம் கிளப், ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு. பம்பாயில் இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி நிலையம் திறந்தது 1927-ல்தான். அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே நம்ம ஊரில் ஆரம்பித்துவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 40 வாட். நம் வீட்டுப் பழைய டியூப்லைட் அளவு. பிறகு 200 வாட் ஆக்கினார்கள். ஆசை இருந்த அளவுக்குக் காசு இல்லை. 1927 அக்டோபரில் கிளப்பை மூடிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை மதராஸ் கார்ப்பரேஷனிடம் கொடுத்துவிட்டார்கள்.

குப்பை அள்ளுவதும் தெருவிளக்கு ஏற்றுவதும் வேலையாக இருந்த கார்ப்பரேஷன் அதை வைத்து என்ன செய்யும்? காயலான் கடைக்குப் போட்டிருக்கலாம். போடவில்லை. 1930, ஏப்ரல் 1-ம் தேதியிலிருந்து கார்ப்பரேஷனே ரேடியோ நிலையம் நடத்த ஆரம்பித்தது. தினமும் மாலை 5.30-லிருந்து 7.30 வரை சங்கீதம். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் காலை 10-லிருந்து 11 வரை கிராமபோன் ரிக்கார்டு. மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வெள்ளைக்கார சங்கீதம். அவர்களும் வரி கட்டுகிறார்களே!

வீட்டில் ரேடியோ வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால், ஜனங்கள் கூடுகிற இடத்துக்கே ஒலிபெருக்கியைக் கொண்டுபோய் வைத்தது கார்ப்பரேஷன். மெரினா பீச்சில்.

அடுத்த வரியில் விரலை வைத்தபோது கண் மறைத்துவிட்டது. பள்ளி நாட்களில் மாலை 4-லிருந்து 4.30 வரை, கார்ப்பரேஷன் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடமும் கதையும்.

நாலு மணி. தாத்தா நேரத்தைக்கூடச் சரியாகச் சொல்லியிருந்தார்.

அந்த ராஜாவின் மூன்றாவது பெண் என்ன ஆனாள் என்று எனக்கும் தெரியப்போவதில்லை. கிராமபோன் ரிக்கார்டு தவிர மற்றதெல்லாம் அங்கேயே மைக் முன்னால் பாடியது, சொன்னது. பேசி முடித்ததும் காற்றில் போயிற்று.

கார்ப்பரேஷன் ரேடியோ எட்டு வருஷம் நடந்தது. 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் வைத்துக்கொண்ட சர்க்கார் வானொலி, 1938 ஜூன் 16-ம் தேதி மதராஸில் தன் நிலையத்தைத் திறந்தது. தமிழும் தெலுங்குமாக நிகழ்ச்சிகள். பெரிய அண்ணன் வந்ததும் சின்னது ஒதுங்கிக்கொண்டது. 1954-ல் அந்தப் பெரிய நிலையமும் மெரினா எதிரிலேயே குடிவந்தது. பிற்காலத்தில் ஆவடியில் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர் 200 கிலோவாட். பழைய 200 வாட்டுக்கு ஆயிரம் மடங்கு. அதனால்தான் எங்கள் குப்பத்துத் திண்ணை வரைக்கும் அது வந்தது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். எத்தனையோ புயலில் எத்தனையோ பேரைக் கரையிலேயே உட்கார வைத்த குரல் அது.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். அந்த 200 வாட் நிலையத்துக்கு, தான் யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்திருந்தது. இந்தப் பீச்சு, இந்தப் பள்ளிக்கூடம், நாலு மணிக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற இந்தப் பிள்ளைகள். ஆயிரம் மடங்கு சக்தி வந்தபோது அது நெல்லூரையும் சென்னையையும் பார்த்தது. நடுவில் இருப்பவர்களுக்கு 'இடையே' என்று பெயர் வைத்தது. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்தது. நாங்கள் போவது ஏரிக்கு.

இதை நான் மாமாவிடம் ஒருமுறை பேசினேன். பேட்டரி விஷயத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொன்னேன். அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தது. மாமா பீடியை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தார்.

"கேட்டிருந்தாலும் போயிருப்பேன்டா. கடலுக்குத்தான போவாதன்னு சொல்லுவான்? ஏரிக்கு யாரு சொன்னது?"

நிஜமாகச் சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் கேட்டிருந்தால் போயிருக்கலாம். ஆனால் தாத்தா கரகரப்பைக் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சில வருஷம் முன்னால் பாம்பன் போயிருந்தேன். அங்கே மீனவர்களுக்கென்று 2016-லிருந்து 'கடல் ஓசை' என்று ஒரு சமுதாய வானொலி. 90.4 எஃப்.எம். டீக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று எவ்வளவு, அலை எவ்வளவு என்று அந்த ஊர்ப் பேச்சிலேயே ஒரு பெண் சொல்லிக்கொண்டிருந்தார். டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். அதன் எல்லை, சைக்கிளில் போய்த் திரும்பிவிடக்கூடிய தூரம்தான். நான் இரண்டாவது டீயும் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும்போல் இருந்தது.

2024 அக்டோபர் நடுவில் நான் எளாவூரில் இருந்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மாமாவுக்கு வயசாகிவிட்டது, கண்ணும் சரியில்லை. அவருடைய பேரன் செல்போனைப் பார்த்துப் படித்தான்: "புதுச்சேரிக்கும் நெல்லூருக்கும் இடையே கரையைக் கடக்கும், தாத்தா."

மாமா சிரித்துவிட்டார். "போச்சுடா. புதுச்சேரிகிட்ட போயிட்டானா? இன்னும் பெரிய இடையே ஆயிடுச்சி."

பக்கத்தில் உட்கார்ந்து வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அவர் பெண்ணும் சிரித்தாள். அவளுடைய மூத்த பெண் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர்.

மாமா கையைத் துழாவி மர்பியைக் கேட்டார். தோல் உறை எப்போதோ போய்விட்டது. குமிழுக்குப் பதிலாக ஒரு ஸ்க்ரூ. பேரன் புதுக் கட்டைகளைப் போட்டான். நான் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். எப்போது போனாலும் வாங்கிக்கொண்டுதான் போவேன்.

"சென்னை வைக்கட்டுமா மாமா?"

"வேணாம்டா. எந்த ஸ்டேஷனும் வேணாம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வை."

வைத்தேன். பெட்டியைக் காதோடு சேர்த்துக்கொண்டு கண்ணை மூடினார். நாங்கள் யாரும் பேசவில்லை.